அடுக்கி வைத்த பை

எனக்கு பிரஷர் என்று சொன்னதும் நான் சிரித்துவிட்டேன். டிப்போவில் எனக்கு சிரிப்புக்காரி என்றுதான் பேர். யார் என்ன சொன்னாலும் பட்டென்று ஒரு பதிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போகிறவள், எதையும் மனசில் வைத்துக்கொள்ளாதவள். எனக்குப் போய் பிரஷரா என்று டிப்போ டாக்டரிடமே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. பட்டையை மறுபடி கையில் சுற்றினார், மறுபடி பம்ப் அடித்தார், மறுபடி உதட்டைப் பிதுக்கினார்.

"கோட்டைத் தாண்டி நிக்குதும்மா. ஓட்டும்போது தலை சுத்திச்சுன்னா உள்ள இருக்கிற அத்தனை பேருக்கும் யார் பதில் சொல்றது? மாத்திரை தரேன், ரெண்டு மாசம் டைம் தரேன். குறைச்சுக்கிட்டு வாங்க. இல்லேன்னா வாஷிங் ஷெட்டுக்கு மாத்தச் சொல்லி எழுதிடுவேன்."

"எப்படி டாக்டர் குறைக்கிறது?"

"உப்பைக் குறைங்க. நடங்க. சும்மா சும்மா டென்ஷன் ஆகாதீங்க."

வாஷிங் ஷெட்டை நான் மட்டமாகச் சொல்லவில்லை. அங்கே பஸ் கழுவுகிற அண்ணன் எங்கள் ஆள். அந்த டிப்போவில் எங்கள் நிறத்தில் இருப்பது நாங்கள் இரண்டே பேர். ஆனால் நான் டிரைவர். அவ்வளவு நீள வண்டியைக் குறுகலான திருப்பத்தில் ஒடித்து, எதிலும் உரசாமல் நேராக்கிக் கொண்டுவந்து நிறுத்தும்போது எனக்கு ஒரு திமிர் வரும். அந்தத் திமிரை வேறு எந்த வேலையும் எனக்குக் கொடுக்காது. அந்த சீட்டை விட்டு இறங்க எனக்கு மனசில்லை.

பயமும் இருந்தது, ஒளிப்பானேன். போன வருடம் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. பஸ் ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தவர் துணியோடு சரிந்துவிட்டார். பிழைத்து எழுந்து வேலைக்கும் திரும்பிவிட்டார், ஆனால் வலது கை பாதிதான் சொன்ன பேச்சைக் கேட்கிறது. குடி கிடையாது, சிகரெட் கிடையாது, என்னைப் போலவே எதற்கும் அசராமல் சிரிக்கிற மனுஷன். இவருக்கு ஏன் வந்தது என்றே தெரியவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர். எந்தக் கோளாறுக்கும் காரணம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும், அதைக் கழற்றி எறிந்தால் ஓடும் என்பது அவர் கட்சி. என் கோளாறுக்கு உப்புதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டார். நான் விடிவதற்குள் கிளம்பிவிடுவதால் சமையல் அவர் பொறுப்பு. அன்றைக்கே உப்பு டப்பாவைத் தூக்கி அலமாரி உச்சியில் வைத்தார். எனக்கு மட்டும் இல்லை, வீட்டுக்கே உப்பு கிடையாது.

"அப்பா, பிரஷர் அம்மாவுக்கு. தண்டனை மட்டும் எனக்கா?" என்றாள் மகள். காலேஜில் முதல் வருடம் படிக்கிறாள், வாய் என்னைக் கொண்டு பிறந்திருக்கிறது.

"குடும்பம்னா எல்லாரும் சேர்ந்துதான் அனுபவிக்கணும்."

அவள் ஒரு பேப்பரில் உப்பை மடித்துப் பென்சில் டப்பாவில் வைத்துக்கொண்டு காலேஜுக்குப் போக ஆரம்பித்தாள். நான் சாயங்காலமானால் வீட்டுக்காரர் பின்னால் தெருத்தெருவாக நடந்தேன். மாத்திரையையும் விடவில்லை. ஒரு மாதம் கழித்து மருந்துக்கடையில் பார்த்தால், பிரஷர் இறங்குகிற வழியாக இல்லை. வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"வெளியில ஏதாவது திருட்டுத்தனமா சாப்பிடுறியா?"

"ஆமாங்க. தினம் ரெண்டு லிட்டர் டீசல் குடிக்கிறேன்."

எங்கள் தெரு முனை ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் உண்டு. எங்கள் நிறம் இல்லை. ஆனால் முகத்தைப் பார்த்துப் பேசுவார், கேட்ட கேள்விக்குப் பதில் வரும்வரை காத்திருப்பார். அவர்தான் சொன்னார்.

"இங்க உக்காரவச்சு ஒரு தடவை பார்த்தா ஒண்ணும் புரியாது. இந்த மிஷின் ஒரு பகல், ஒரு ராத்திரி உங்ககூடவே வரட்டும்."

இடது கையில் சட்டைக்குள் ஒரு பட்டை, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி. அது பாட்டுக்கு அவ்வப்போது இறுகிப் பிரஷரை அளந்து வைத்துக்கொள்ளும். இறுகும்போது கையைத் தொங்கப் போட வேண்டும், வண்டி ஓட்டும்போது மட்டும் அதைக் கண்டுகொள்ள வேண்டாம், அளக்காமல் விட்டாலும் பரவாயில்லை என்றார். "அப்பப்ப என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் வச்சுக்குங்க, அது போதும்."

மறுநாள் எழுந்ததுமே வீட்டில் அதைக் கட்டிக்கொண்டுதான் டிப்போவுக்குப் போனேன்.

எங்கள் டிப்போ வாசலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் வாட்ச்மேன், அவர் தலைக்கு மேல் ஒரு போர்டு. பணியாளர் அனைவரின் பைகளும் சோதனைக்கு உட்பட்டவை என்று அதில் எழுதியிருக்கும். எல்லோரும் கார்டைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போவார்கள். எனக்கும் அண்ணனுக்கும் மட்டும், "பை." எந்தக் காலத்திலோ ஸ்டோர் ரூமில் சாமான் திருடு போனதாம். திருடின ஆள் பிடிபட்டான், அவர்கள் நிறத்து ஆள்தான். ஆனால் சோதனை மட்டும் எங்கள் இரண்டு பேரிடம் தங்கிவிட்டது.

வாட்ச்மேன் என் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார், முகர்ந்து பார்ப்பார், மூக்கைச் சுளிப்பார். "இதையெல்லாம் எப்படித்தான் சாப்பிடுறீங்களோ." நான் விடமாட்டேன். "ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க சார், நாளைக்கே உங்க வீட்டம்மாவ விட்டுட்டு எங்க வீட்டு வாசல்ல வந்து நிப்பீங்க." அவர் சிரிப்பார், பின்னால் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். தினம் ஒரு ஜோக். முதல் நாள் சொன்னதை மறுநாள் சொல்லமாட்டேன்.

மிஷின் கட்டின அன்றைக்கு அந்த வாட்ச்மேன் லீவு. புதிதாக ஒருவர் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தார். தலையைக்கூட நிமிர்த்தாமல் போ போ என்று கையாட்டினார். வாயில் தயாராக வைத்திருந்த ஜோக் வீணாகப் போயிற்று. உள்ளே நாலு எட்டு வைத்திருப்பேன், பட்டை இறுகியது. கையைத் தொங்கப் போட்டு நின்றேன். இன்றைக்கு நல்ல நாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ரோட்டில் எல்லாம் வழக்கம்போல நடந்தது. படியில் கால் வைத்த ஒரு ஆள் என் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றுகொண்டார். அடுத்த பஸ் அவர் போகிற பக்கம் போகாது, சொன்னேன், அவருக்கு அது பரவாயில்லையாம். ஒரு வயதான அம்மா என்னைப் பார்த்து, "உனக்கு வழி தெரியுமா?" என்றார். "தெரியாதும்மா, நீங்க சொல்லச் சொல்ல ஓட்டுறேன்," என்றேன். பஸ்ஸே சிரித்தது. ராத்திரி பட்டை இறுகி இறுகி என்னை எழுப்பியதில் பக்கத்தில் வீட்டுக்காரருக்கும் தூக்கம் போயிற்று.

மறுநாள் நர்ஸ் அந்தப் பெட்டியைக் கம்ப்யூட்டரில் மாட்டித் திரையை என் பக்கம் திருப்பினார். மலை மாதிரி ஏறி இறங்குகிற ஒரு கோடு. பஸ்ஸில் ஏறாமல் இறங்கிப் போன ஆள் ஒரு மேடாக இருந்தார், வழி கேட்ட அம்மா இன்னொரு மேடு. எல்லாவற்றையும்விடப் பெரிய மேடு காலையில் இருந்தது.

"இந்த நேரத்துல என்ன நடந்துச்சு?"

"அப்பதான் டிப்போவுக்குள்ள போனேன்."

"யாராவது திட்டினாங்களா? சண்டையா?"

"இல்லீங்க. அன்னிக்கு ஒண்ணுமே நடக்கல. வாட்ச்மேன்கூட லீவு."

"வாட்ச்மேன் இருந்தா என்ன நடக்கும்?"

சொன்னேன். மேஜை, டப்பா, மூக்கு, ஜோக் எல்லாவற்றையும் கையைக் காலை ஆட்டி நடித்தே காட்டினேன். நல்லாச் சொல்லுவேன், கேன்டீனில் இதைச் சொன்னால் டீயைத் துப்பிவிட்டுச் சிரிப்பார்கள். நர்ஸ் சிரிக்கவில்லை.

"எவ்வளவு நாளா இது நடக்குது?"

"வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து."

அவர் திரையில் விரல் வைத்தார். "அந்த ஆள் அன்னிக்கு இல்ல. ஆனா உங்க உடம்புக்கு அது தெரியாது. அது சண்டைக்குத் தயாராயித்தான் போயிருக்கு. இங்க பாருங்க, வாசல்ல இல்ல, நீங்க வீட்டுல இருக்கும்போதே ஏற ஆரம்பிச்சிருச்சு. தினமும் இப்படி ஏத்திக்கிட்டே இருந்தா, அப்புறம் ராத்திரியிலகூட சரியா இறங்காது. ரத்தக் குழாய் கெட்டியாகும், இதயச் சுவர் தடிக்கும், சிறுநீரகம் அடி வாங்கும். உப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். இதுவும் இருக்கு."

"நான்தான் சிரிச்சுட்டு விட்டுடறேனே?"

"சிரிக்கிறீங்க. எல்லாரும் கேட்டிருக்காங்க. உள்ள இருக்கிறதுக்குக் கேக்கல."

எனக்குக் கோபம் வந்தது. வாட்ச்மேன் மேல் இல்லை, நர்ஸ் மேல். இத்தனை வருடமாக நான்தான் ஜெயிக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவர் சாதாரணமாக ஒரு திரையைத் திருப்பிக் காட்டி, தினமும் தோற்றுக்கொண்டிருந்தாய் என்று சொல்வது போல இருந்தது. போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் இருக்கும்போதே ஏற ஆரம்பித்தது என்றாரே, அதுதான் மண்டையைக் குடைந்தது. எங்கள் வீட்டில் என்ன இருக்கிறது ஏறுவதற்கு?

மறுநாள் காலை, பரீட்சைக்காக எழுந்த மகள் சமையலறையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்காரர் உப்பில்லாத எதையோ கிண்டிக்கொண்டிருந்தார். நான் பையை எடுத்து வைத்தேன். எல்லாவற்றுக்கும் அடியில் மாதாந்திரச் சாமான் இருக்கும் கறுப்புப் பை, அதன்மேல் துண்டு. அந்த ஆளின் கை துண்டில் பட்டால் அதற்குக் கீழே போகாது, அதற்காக. பர்ஸை ஜிப்பைத் திறந்தே வைத்தேன், திறக்கச் சொல்லிக் காத்திருக்க வேண்டாம் என்று. நகவெட்டியை எடுத்து வெளியே வைத்தேன், அதைப் பார்த்தால் இது எதற்கு என்று ஒரு கேள்வி வரும். மேலே சாப்பாட்டு டப்பா, மூடியைப் பாதிதான் திருகி.

"அம்மா," என்றாள் மகள், "யாருக்கு இந்தப் பையை அடுக்குற?"

"யாருக்கு? எனக்குத்தான்."

"உனக்குன்னா மூடியை ஏன் லூசா வைக்கிற? தினமும் உன் துண்டெல்லாம் குழம்பு வாசனை அடிக்குது."

என் கை அப்படியே நின்றுவிட்டது. பட்டை எதுவும் கட்டியிருக்கவில்லை, ஆனாலும் இடது கைக்குள் திம் திம் என்று அடிப்பது எனக்குக் கேட்டது. அந்த ஆள் என் வீட்டுச் சமையலறைக்கே வந்து, மகளுக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவில் நின்றுகொண்டு, எதை எங்கே வைக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நானும் தினம் அவர் சொன்னபடி வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். முதலில் வெட்கமாக இருந்தது. அதற்கப்புறம் வந்த கோபம் சரியான ஆளைத் தேடிப் போயிற்று.

வீட்டுக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நர்ஸ் சொன்னதை முந்தின நாளே அவரிடம் சொல்லியிருந்தேன்.

"பாவம், இத்தனை நாள் உப்பைப் போய்த் திட்டிட்டேன்," என்றார்.

பையைத் தலைகீழாகக் கொட்டினேன். டப்பா மூடியை இறுக்கித் திருகினேன். பர்ஸ், துண்டு, சீப்பு, நகவெட்டி, எது கையில் வந்ததோ அதை அள்ளி உள்ளே போட்டு, ஜிப்பை இழுத்து மூடினேன். மகள், "ஜாக்கிரதைம்மா," என்றாள். வீட்டுக்காரர் தெருமுனைவரை கூடவே நடந்து வந்தார்.

பழைய வாட்ச்மேன் வந்துவிட்டிருந்தார். "பை," என்றார்.

"எல்லாரோட பையையும் பாருங்க சார். என் முறை வரும்போது நானே திறந்து காட்டுறேன்."

"என்ன இன்னிக்கு சிரிப்பைக் காணோம்?"

நாக்கு நுனியில் ஒரு ஜோக் வந்துவிட்டது. பழக்கம் அப்படி. கஷ்டப்பட்டு விழுங்கினேன். போர்டைக் காட்டினேன். "அனைவரின்னு எழுதியிருக்கு. அனைவரையும் பாருங்க."

"பையைத் திறக்காம உள்ள விடமாட்டேன்."

"உள்ள போறேன்னு நான் சொல்லலியே. இங்கேயே நிக்கிறேன்."

கேட்டுக்கு நடுவில் நின்றேன். பின்னால் ஆள் சேர்ந்தது. எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. அடி, இன்றைக்காவது ஒரு காரணத்தோடு அடி என்று அதனிடம் சொல்லிக்கொண்டேன். "ஒரு பையைத் திறந்து காட்டறதுல என்ன குறைஞ்சிடப் போற?" என்று ஒரு டிரைவர் கேட்டார். என்னோடு ஒரே மேஜையில் டீ குடிக்கிற ஆள். "அப்ப நீங்க காட்டுங்க," என்றேன். அவர் பையை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டார்.

அப்போது அண்ணன் வந்தார். தினமும் அவர் அந்த மேஜையில் பையை வைத்து, ஒரு கையாலேயே முடிச்சை அவிழ்த்து, ஒரு கையாலேயே திரும்பக் கட்டுவார். வாட்ச்மேன் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு அண்ணன் பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணே, நீங்க உள்ள போங்க. உங்க உடம்புக்கு இதெல்லாம் ஆகாது."

"தினமும் திறந்து காட்டிட்டுத்தான் போனேன்," என்றார் அண்ணன், "அதுலதான் ஆகாமப் போச்சு."

என் பஸ் இன்னும் கிளம்பவில்லை என்று டைம் கீப்பர் உள்ளேயிருந்து ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டார், போர்டை நிமிர்ந்து பார்த்தார். அதை மாட்டச் சொன்னதே அவர்தான்.

"எனக்கு வண்டி வெளிய போகணும்," என்றார் வாட்ச்மேனிடம். "பார்த்தா எல்லாரையும் பாரு. இல்லேன்னா ஒருத்தரையும் பார்க்காத."

வாட்ச்மேனுக்கு வீம்பு. எல்லோரையும் பார்த்தார். ஒருவர் பையில் தலையணை இருந்தது. "என்ன குறைஞ்சிடப் போற" என்று கேட்டவர் பையில், கேன்டீனில் காணாமல் போய்க்கொண்டிருந்த ஸ்பூன்கள் இருந்தன. கடைசியில் நானும் அண்ணனும் திறந்து காட்டினோம். அந்த வாரம் பூராவும் பஸ்கள் தாமதமாகத்தான் போயின. எல்லோரும் என்னைத் திட்டினார்கள். கேன்டீனில் என் மேஜைக்கு ஒருவரும் வரவில்லை, ரோட்டில் எதிரே வருகிற டிரைவர்கள் கையைத் தூக்கவில்லை. ராத்திரி வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறேன். ஆனால் மறுநாள் காலையில் அதே அள்ளிப் போட்ட பையோடு போய் நின்றேன். அடுத்த வாரம் மேஜையை எடுத்துவிட்டார்கள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பயணிகள் மாறவில்லை. அந்த வயதான அம்மா இன்னும் வழி தெரியுமா என்று கேட்கிறார். "தெரியும்," என்று சொல்லிவிட்டுக் கதவை மூடுகிறேன். சிரிப்பு வந்தால் சிரிக்கிறேன், வராவிட்டால் இல்லை.

நர்ஸிடம் போய் அன்றைக்கு எழுந்து வந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் என் இதயத்தை ஸ்கேன் எடுக்க வைத்தார். சுவர் கொஞ்சம் தடித்துத்தான் இருக்கிறதாம். "இது உடனே சரியாகாது. மாத்திரையை விடக்கூடாது, உப்பும் குறைவாத்தான். மேலும் தடிக்காம பார்த்துக்கலாம்." மேஜையை வாசலிலிருந்து எடுத்துவிட்டார்கள், ஆனால் அது செய்த வேலை என் நெஞ்சுக்குள் இருக்கிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதற்காக நான் இடிந்து உட்காரப் போவதில்லை.

கெடு முடிந்து டிப்போ டாக்டரிடம் போனேன். பட்டையைச் சுற்றினார், பம்ப் அடித்தார், நான் கையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தேன். மறுபடி ஒரு தடவை பார்த்தார்.

"பரவாயில்லையே, கோட்டுக்குக் கீழ வந்துட்டீங்க. உப்பை நல்லாக் குறைச்சீங்க போல."

"உப்பையும் குறைச்சேன். வாசல்ல எங்க ரெண்டு பேர் பையை மட்டும் திறக்கிறதையும் நிறுத்தினேன். அதையும் சேர்த்து எழுதுங்க."

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"எழுதுங்க டாக்டர், சொல்றேன். அண்ணனோட கையைப் பத்தியும் பேசணும்."

அவர் பேனாவை எடுத்தார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். எழுதி முடித்து, நான் ஓட்டலாம் என்று குத்துகிற முத்திரையை எடுத்து வைத்துக்கொண்டு, "லைசென்ஸைக் கொடுங்க," என்றார்.

முன்பெல்லாம் கேட்ட நொடியில் எடுத்து நீட்டிவிடுவேன், அது அதற்கென்று ஒரு இடத்தில் இருக்கும். பைக்குள் கையை விட்டேன். சீப்பு வந்தது, நகவெட்டி வந்தது, மகளின் தலை ரப்பர், பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட், ஒற்றைச் சாக்ஸ். டாக்டர் முத்திரையைக் கையில் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார்.

"கொஞ்சம் இருங்க டாக்டர்," என்றேன். "என் பை. எங்க எதை வச்சேன்னு எனக்கே தெரியல."

அவர் காத்திருந்தார்.